எடிசன்லயே இருக்கறதா, ஹண்டர்டனுக்குப் போறதா?

நியூ ஜெர்சி மிடில்செக்ஸ் கவுன்ட்டில, அதாவது எடிசன், ஐஸ்லின், பிஸ்கேட்டவே, ஓல்ட் பிரிட்ஜ் பக்கம் இருக்கற நம்ம ஆளுங்க நடுவுல கோவிட்டுக்கு அப்புறம் ஒரு பேச்சு அடிக்கடி வருது. இவ்வளவு நெரிசலான இடத்துல ஏதாவது ஒண்ணு ஆச்சுன்னா என்ன பண்றது, பேசாம மேற்கால ஹண்டர்டன் கவுன்ட்டில அஞ்சு ஏக்கர் வாங்கி கோழி, தோட்டம்னு செட்டில் ஆயிடலாமா, இல்ல பென்சில்வேனியா போகோனோஸ் மலைப்பக்கம் சல்லிசா கிடைக்கற ஒரு நிலத்தை வாங்கிப் போட்டு வச்சுக்கலாமான்னு. மூணையும் பத்தி எனக்குத் தெரிஞ்ச வரைக்கும் எழுதறேன். முடிவை முன்னாடியே சொல்லிடறேன், இதுல ரெண்டு கேள்வி கலந்து கிடக்கு. ஒரு நெருக்கடியைத் தாக்குப்பிடிக்கறது ஒரு கேள்வி, நம்ம சாப்பாட்டை நாமே விளைய வைக்கறது வேற கேள்வி. முதல் கேள்விக்கு மிடில்செக்ஸ் நீங்க நினைக்கறதை விட நல்ல மார்க் வாங்கும், ரெண்டாவதுல பாஸ் ஆகறதே கஷ்டம். ரெண்டையும் ஒரே கேள்வியா நினைச்சுக்கிட்டு வீடு தேடறவங்கதான் குழம்பிப் போறாங்க.

முதல்ல ஆள் கணக்கு. 2020 சென்சஸ்படி மிடில்செக்ஸ்ல 8 லட்சத்து 63 ஆயிரம் பேர், நிலம் 309 சதுர மைல் சொச்சம். ஹண்டர்டன்ல 1 லட்சத்து 29 ஆயிரம் பேர்தான், ஆனா இடம் 430 சதுர மைல் கிட்ட. அப்போ சதுர மைலுக்கு இங்க 2,800 பேர், அங்க 300 பேர். இந்த நம்பரைப் பாத்ததுமே பாதிப் பேர் முடிவு எடுத்துடறாங்க. டர்ன்பைக், பார்க்வே, 287, ரூட் 1, ரூட் 9ன்னு பெரிய ஹைவே எல்லாம், ரயில் மெயின் லைனும் இந்த ஒரே கவுன்ட்டிக்குள்ள வந்து பின்னிக்கிட்டு கிடக்கு, நியூயார்க்ல எதாவது ஆனா ஸ்டேட்டன் ஐலண்ட் ஜனம் அவுட்டர்பிரிட்ஜ் பாலம் வழியா பெர்த் அம்பாய்லதான் வந்து இறங்கும், அதனால எல்லாரும் ஒரே நேரத்துல ஊரை விட்டு ஓடணும்ங்கற நிலைமைக்கு மிடில்செக்ஸ் மோசமான இடம்தான், அதை நான் மறுக்கல. ஆனா அப்படி ஒரு நிலைமைக்காக வீட்டை மாத்தறதுக்கு முன்னாடி இங்க நிஜமா என்னென்ன நடந்திருக்குன்னு பாக்கணும்ல.

1994 மார்ச் 23 ராத்திரி எடிசன் டர்ஹம் வுட்ஸ்ல 36 இன்ச் கேஸ் பைப்லைன் வெடிச்சு பக்கத்து அபார்ட்மென்ட் கட்டடங்கள் எரிஞ்சுது. அப்புறம் புயல்கள், 1999 செப்டம்பர்ல ஃப்ளாய்ட், 2011 ஆகஸ்ட்ல ஐரீன், 2012 அக்டோபர் 29 சாண்டி, 2021 செப்டம்பர் 1 ஐடா. நடுவுல கோவிட். இதுல பைப்லைன் ஒண்ணுதான் 'ஓடு' வகை, அதுவும் அந்த காம்ப்ளெக்ஸை விட்டு ஓடினா போதும், கவுன்ட்டியை விட்டு இல்ல. மத்தது எல்லாமே, ஆத்தோரத்து வீடுகளைத் தவிர, வீட்டுக்குள்ளயே இருந்து ஓட்டற கதைதான், புயல்னா கரண்ட் இல்லாம, நல்ல தண்ணி இல்லாம, பேஸ்மென்ட்ல வெள்ளத்தோட சில நாள். ஐடால நியூ ஜெர்சில 30 பேர் செத்தாங்க, அதுல நிறைய பேர் கார்ல போனவங்க. அன்னிக்கு வீட்டை விட்டுக் கிளம்பாம இருந்ததே பல பேரைக் காப்பாத்திச்சு.

இன்னொரு நெருக்கடியை யாரும் இந்த லிஸ்ட்ல சேர்க்கறதில்ல, ஆனா நம்ம ஆளுங்களுக்கு அதுதான் வரதுக்கு வாய்ப்பு ஜாஸ்தி. வேலை போறது. எச்1பி வேலை விசால இருக்கறவங்களுக்கு வேலை போன நாள்ல இருந்து அதிகபட்சம் 60 நாள்தான் டைம், அதுக்குள்ள வேற கம்பெனி பெட்டிஷன் போடணும், இல்லன்னா மூட்டை கட்டணும். இதுக்கு எடிசன் மாதிரி ஒரு இடம் கிடையாது. மெட்ரோபார்க்ல ட்ரெயின் ஏறினா நியூயார்க், ரூட் 1 பிடிச்சா பிரின்ஸ்டன், சுத்துப்பட்டுல பார்மா கம்பெனி, டெலிகாம், பேங்க்னு எத்தனையோ ஆபீஸ். ஹண்டர்டன்ல ஃப்ளெமிங்டனுக்கு ட்ரெயினே கிடையாது, ராரிட்டன் வேலி லைன் ஹை பிரிட்ஜ் வரைக்கும் போகும் ஆனா அந்தக் கடைசி ஸ்டேஷன்களுக்கு வண்டி ரொம்பக் கம்மி. அஞ்சு ஏக்கர் பண்ணை, பெரிய மார்ட்கேஜ், ஆபீஸ் ஒன்றரை மணி நேர தூரம், கைல எச்1பி, இந்தக் காம்பினேஷனை நெருக்கடிக்கான தயாரிப்புன்னு எப்படிச் சொல்றதுன்னு எனக்குப் புரியல.

சரி, தண்ணிக்கு வருவோம். இதைக் கொஞ்சம் விரிவாவே சொல்லணும், ஏன்னா ஊர்ல இருந்து வந்த நமக்கு "சொந்தமா போர் இருக்கு" அப்படின்னாலே ஒரு தைரியம். மிடில்செக்ஸ்ல பெரும்பாலும் டவுன் தண்ணிதான். அந்தத் தண்ணி எங்க இருந்து வருதுன்னு பாத்தா சிரிப்பா இருக்கும், பெரிய அளவுல ஹண்டர்டன்ல இருந்துதான் வருது. ரவுண்ட் வேலி ரிசர்வாயர் 5,500 கோடி கேலன், ஸ்ப்ரூஸ் ரன் 1,100 கோடி கேலன், ரெண்டுமே ஹண்டர்டன்ல இருக்கு, மழை இல்லாத காலத்துல அங்க திறந்து விட்டு ராரிட்டன் ஆத்துல ஓட வைக்கறாங்க. டெலவேர் ஆத்துல இருந்து நியூ பிரன்ஸ்விக் வரைக்கும் வர்ற பழைய கால்வாயும் ஹண்டர்டன் பக்கம் புல்ஸ் ஐலண்ட்லதான் ஆரம்பிக்குது. அதனால வறட்சியைத் தாங்கற விஷயத்துல இங்க பெருசா பயம் இல்ல. பயம் வேற எடத்துல. ஃப்ளாய்ட் புயல்ல ராரிட்டன் பொங்கி சுத்திகரிப்பு நிலையத்துக்குள்ள போனப்போ லட்சக்கணக்கான பேர் தண்ணியைக் கொதிக்க வச்சுக் குடிக்க வேண்டியதாப் போச்சு. 2021 கடைசில கவுன்ட்டில ஒரு பகுதிக்கு வர்ற தண்ணில பிஎஃப்ஓஏங்கற ரசாயனத்தோட அளவு மாநில வரம்பான 14 பிபிடி-யை (லட்சம் கோடில 14 பங்கு) தாண்டிருக்குன்னு வீட்டுக்கு வீடு நோட்டீஸ் வந்துது, கொதிக்க வச்சாலும் போகாத ஐட்டம் அது, கார்பன் ஃபில்டரோ ஆர்ஓ-வோ தேவை.

இப்போ ஹண்டர்டன். அங்க கிராமப்புறத்துல முக்கால்வாசி வீட்டுக்கு சொந்த போர், சொந்த செப்டிக். பாறை அடுக்குலயே இயற்கையா ஆர்சனிக் விஷம் இருக்கற ஏரியா அது, நியூ ஜெர்சி வரம்பு 5 பிபிபி (நூறு கோடில 5 பங்கு), அதாவது மத்திய அரசு வரம்புல பாதி, அதையும் தாண்டற கிணறு நிறைய. வீடு கைமாறும்போது போர் தண்ணியை டெஸ்ட் பண்ணியே ஆகணும்னு 2002ல இருந்து சட்டம் அமல்ல இருக்கறது நல்ல விஷயம். ஆனா ஆர்சனிக் கூட பரவால்ல, ஃபில்டர் போட்டுக்கலாம். கரண்ட் போனா என்ன ஆகும்? மோட்டார் ஓடாது. பிரஷர் டேங்க்ல இருக்கற கொஞ்சம் தண்ணி சில ஃபிளஷ்லயே காலி, அப்புறம் குழாயைத் திறந்தா புஸ்ஸுன்னு காத்துதான் வரும். எடிசன்ல கரண்ட் போனாலும் குழாய்ல தண்ணி வரும், கேஸ் அடுப்பு எரியும், தீப்பெட்டியை உரசிப் பத்த வச்சு சாம்பார் வச்சிடலாம். ஹண்டர்டன்ல அடுப்புக்கு ப்ரோபேன் டேங்க், சூட்டுக்கு ஹீட்டிங் ஆயில், தண்ணிக்கு 240 வோல்ட் ஜெனரேட்டர், எல்லாம் உங்க பொறுப்பு. அதெல்லாம் முன்னாடியே செஞ்சு வச்சிருந்தா அங்க நீங்க ராஜா. செய்யாம சும்மா போய் உக்காந்தா எடிசன்காரனை விடப் பரிதாபம்.

கரண்ட் விஷயத்துலயும் இதே கதைதான். சாண்டில ரெண்டு பக்கமும் அடி வாங்கிச்சு, உட்பிரிட்ஜ் சீவாரன்ல சப்ஸ்டேஷனுக்குள்ளயே கடல் தண்ணி ஏறிச்சு. ஆனா சரி பண்றவங்க ஒரு லைனைத் தூக்கி நிறுத்தினா எத்தனை வீட்டுக்கு வெளிச்சம் வரும்னுதான் பாப்பாங்க. ஆஸ்பத்திரி, ஆயிரக்கணக்கான வீடு இருக்கற ஃபீடர் எல்லாம் முதல்ல, மரத்தடில அஞ்சு வீட்டுக்குப் போற லைன் கடைசில. கூட்டம் ஜாஸ்தியா இருக்கறது இந்த இடத்துல உங்களுக்கு லாபம். பெட்ரோலும் அப்படித்தான், 2012 நவம்பர்ல நம்பர் பிளேட் ஒற்றைப்படை இரட்டைப்படைன்னு 12 கவுன்ட்டில ரேஷன் வச்சாங்க, அந்த 12ல மிடில்செக்ஸும் உண்டு, ஹண்டர்டனும் உண்டு. பல பங்க்ல பெட்ரோல் தரைக்குக் கீழ இருந்துது, பம்ப் பண்ண கரண்ட்தான் இல்ல.

சோலார் வச்சிருக்கோம்னு நிம்மதியா இருக்கறவங்களுக்கு ஒரு வார்த்தை. பேட்டரி இல்லாத சாதாரண கிரிட் சோலார், கரண்ட் போனதும் அதுவும் தானா ஆஃப் ஆயிடும், லைன்ல வேலை பாக்கறவனுக்கு ஷாக் அடிக்கக் கூடாதுன்னு. வெளிய சுள்ளுன்னு வெயில் அடிக்கும், வீட்டுக்குள்ள மெழுகுவர்த்தி. பேட்டரி சேர்த்தாத்தான் பிரயோஜனம், அதுக்கு இருந்த 30 சதவீத ஃபெடரல் டாக்ஸ் கிரெடிட்டும் 2025 டிசம்பரோட முடிஞ்சு போச்சு. எடிசன் மாதிரி இடத்துல வீட்டு சைஸ் சிஸ்டத்தை விட, சம்ப் பம்புக்கு ஒரு பேட்டரி பேக்கப், ஃபிரிட்ஜுக்கு ஒரு சின்ன இன்வெர்ட்டர் ஜெனரேட்டர், இது போதும்னு நான் நினைக்கறேன். சம்ப் பம்ப்தான் இங்க எல்லாத்துக்கும் மேல. பேஸ்மென்ட் மூலைல ஒரு குழி, அதுல சேர்ற தண்ணியை வெளிய தள்ள ஒரு மோட்டார், மழை கொட்டும்போது அரை நிமிஷத்துக்கு ஒரு தடவை கடகடன்னு ஓடி நிக்கும். அந்தச் சத்தம் நின்னு போச்சுன்னா கொஞ்ச நேரத்துல கார்பெட் நனையும், அரிசி மூட்டையைத் தரையில வச்சிருந்தா அதுவும் போச்சு. ஸ்டாக் வைக்கறவங்க பேஸ்மென்ட்ல கட்டாயம் ரேக் போட்டு மேல வைங்க.

மிடில்செக்ஸ்னு பொத்தாம்பொதுவா சொல்றதும் தப்பு, 25 ஊர் இருக்கு, ஒண்ணு மாதிரி ஒண்ணு இல்ல. சேயர்வில், சவுத் ரிவர் பக்கம் ஆத்தோரத்துல திரும்பத் திரும்ப மூழ்கின வீடுகளை சாண்டிக்கு அப்புறம் மாநில அரசே விலைக்கு வாங்கி இடிச்சுடுச்சு. கிரீன் புரூக், பவுண்ட் புரூக் ஓடை ஓரமும் வெள்ளம்தான். அதுக்கு மேல பழைய தொழிற்சாலைக் குப்பை. நாட்டுலயே சூப்பர்ஃபண்ட் இடம், அதாவது மத்திய அரசு சுத்தம் பண்ண லிஸ்ட் போட்ட நச்சுக் கழிவு இடம், அதிகம் இருக்கற மாநிலம் இது, அதுல எடிசன்ல கின்பக் குப்பைமேடு, சவுத் பிளெயின்ஃபீல்ட்ல பிசிபிங்கற நச்சு ரசாயனம் கலந்த பழைய கெபாசிட்டர் ஃபேக்டரி, ஓல்ட் பிரிட்ஜ் கடலோரத்துல ஈயக் கசடு எல்லாம் இந்த கவுன்ட்டி பங்கு. பவுண்ட் புரூக் ஓடைல பிடிக்கற மீனைச் சாப்பிடாதீங்கன்னே எச்சரிக்கை இருக்கு. ஆத்துல மீன் பிடிச்சுப் பொழைச்சுக்கலாம்னு யாராவது பிளான் வச்சிருந்தா அந்தப் பக்கத்தைக் கிழிச்சுடுங்க.

இனி ரெண்டாவது கேள்வி, விவசாயம். எடிசன்ல கால் ஏக்கர் வீடு கிடைச்சாலே பெரிய விஷயம், கால் ஏக்கர்னா 10,890 சதுர அடி, வீடு, டிரைவ்வே, முன்பக்கப் புல்வெளி, பக்கத்து வீட்டு மேப்பிள் மர நிழல் எல்லாம் போக வெயில் விழற இடம் 1,500 சதுர அடி தேறினா அதிர்ஷ்டம். டவுன்ஹவுஸ்னா அதுவும் இல்ல, டெக்ல தொட்டிதான், அதுக்கும் அசோசியேஷன்காரன் லெட்டர் போடுவான். மண்ணு ஊருக்கு ஊர் மாறும். எடிசன், பிஸ்கேட்டவே பக்கம் சிவப்பு ஷேல், மண்வெட்டியைப் போட்டா ஒரு அடிக்குள்ளயே சல்லி சல்லியா செங்கல் தூள் மாதிரி கல்லு வரும். சேயர்வில், உட்பிரிட்ஜ் களிமண்ணு, செங்கல் சூளை போட்டுப் பேர் வாங்கின ஊருங்க, கைல பிடிச்சு உருட்டினா பிள்ளையாரே பிடிக்கலாம், மே மாசம் வரைக்கும் தண்ணி வடியாது. தெற்கால ஓல்ட் பிரிட்ஜ், மன்ரோ பக்கம் மணல் கலந்த மண்ணு, தண்ணி நிக்காது ஆனா உரமும் நிக்காது. எனக்குப் பிடிச்சது சவுத் பிரன்ஸ்விக், கிரான்பரி, மன்ரோ பகுதிதான், இன்னும் கொஞ்சம் நிஜ விவசாயம் மிச்சம் இருக்கு, ஆனா அங்கயும் டர்ன்பைக் 8ஏ எக்ஸிட்டைச் சுத்தி வேர்ஹவுஸ் ஒவ்வொண்ணா முழுங்கிட்டு இருக்கு.

இவ்வளவு சொன்னாலும் அந்த 1,500 சதுர அடில காய்கறி நல்லாவே வரும். மே நடுவுல நட்டா அக்டோபர் நடு வரைக்கும் சீசன், வெண்டை, கத்தரி, மிளகாய், கொத்தவரை, முளைக்கீரை, மணத்தக்காளி எல்லாம் ஜூலை வெயில்ல ஊர் மாதிரியே காய்க்கும், புடலையும் பீர்க்கனும் ஏப்ரல்லயே வீட்டுக்குள்ள விதை போட்டு நாத்து எடுத்துட்டு பந்தல் போட்டா ஆகஸ்ட்ல தெருவுக்கே குடுக்கலாம். முருங்கை நிக்காது, கறிவேப்பிலை தொட்டில வச்சு குளிர்காலத்துல வீட்டுக்குள்ள தூக்கிட்டு வரணும். ரட்கர்ஸ் யுனிவர்சிட்டி மண் பரிசோதனை லேப் நியூ பிரன்ஸ்விக்லயே இருக்கு, முதல் பாத்தி போடறதுக்கு முன்னாடி சாம்பிள் அனுப்புங்க, 1978க்கு முன்னாடி கட்டின வீடா இருந்தா பெயின்ட் உதிர்ந்த ஈயத்துக்கும் சேர்த்து டெஸ்ட் கேளுங்க, சுவரை ஒட்டிக் கீரை போடாதீங்க. மழைத்தண்ணி பிடிக்கலாம், 1,000 சதுர அடி கூரைல ஒரு இன்ச் மழை பெஞ்சா 620 கேலன், உங்க 55 கேலன் பீப்பாய் பத்து நிமிஷத்துல வழியும்.

ஆனா இது எதுவும் வயித்தை ரொப்பாது. காய்கறி ருசிக்கும் வைட்டமினுக்கும்தான், கலோரி அரிசியிலயும் பருப்புலயும் எண்ணெய்லயும்தான் இருக்கு. ஒரு 20 பவுண்டு அரிசி மூட்டைல கிட்டத்தட்ட 32,000 கலோரி, ஒரு ஆளுக்கு 16 நாள் முழு சாப்பாடு. அந்த மூட்டை நம்ம ஊர்க் கடைங்க இருக்கற ஓக் ட்ரீ ரோட்ல எந்தக் கடையிலயும் கிடைக்கும், அதே கலோரியை உருளைக்கிழங்கு போட்டு எடுக்கணும்னா 90 பவுண்டுக்கு மேல கிழங்கு விளையணும். 2023 ஜூலை 20ல இந்தியா பாஸ்மதி அல்லாத பச்சரிசி ஏற்றுமதியை நிறுத்தினப்போ இங்க கடையெல்லாம் எப்படி ஆச்சுன்னு ஞாபகம் இருக்கும், ஆளுக்கு ஒரு மூட்டைன்னு போர்டு, சோனா மசூரி விலை ராவோட ராவா ஏறிச்சு, வண்டி நிறைய மூட்டையோட ஆளுங்க. 2024 செப்டம்பர் கடைசிலதான் அந்தத் தடையை எடுத்தாங்க. வீட்டுல எப்பவும் மூணு மூட்டை சுத்துல இருந்திருந்தா அந்த வாரம் கடைப் பக்கமே போயிருக்க வேண்டாம். அரிசி வாங்கினதும் ஒரு வாரம் ஃப்ரீசர்ல வச்சு எடுத்தா வண்டு தொல்லை இருக்காது. காய்கறியைப் பதப்படுத்தறதுக்கு வெள்ளைக்காரங்க பாட்டில்ல அடைச்சு கேனிங் பண்றதைப் பாத்துட்டு நம்ம இட்லி குக்கர், பருப்பு குக்கர்ல அதை முயற்சி பண்ணாதீங்க, அதுக்குன்னு இருக்கற பிரஷர் கேனர் வேற, இல்லன்னா பாட்டுலிசம்ங்கற ஆபத்தான உணவு விஷம் வர சான்ஸ் இருக்கு. நமக்குத்தான் வத்தல், ஊறுகாய், மோர் மிளகாய் எல்லாம் இருக்கே, ஜூலை வெயில் காணாதுன்னா ஒரு டீஹைட்ரேட்டர் வாங்கிக்கலாம்.

கோழி, ஆடு ஆசை உண்மையிலயே இருக்கறவங்களுக்கு ஹண்டர்டன்தான், இதுல போட்டியே இல்ல. மிடில்செக்ஸ்ல கோழிக்கு ஊருக்கு ஊர் விதி, டவுன்ஷிப் ஜோனிங் ஆபீஸ்ல கேக்காம குஞ்சு வாங்காதீங்க. ஹண்டர்டன்ல வீடு இருக்கற இடம் போக அஞ்சு ஏக்கர் விவசாயத்துல இருந்து, வருஷத்துக்கு முதல் அஞ்சு ஏக்கருக்கு 1,000 டாலர் வித்துமுதல் காட்டினா 1964 சட்டப்படி அந்த நிலத்துக்கு விவசாய மதிப்புல வரி போடுவாங்க, மாநில சராசரி வீட்டு வரியே வருஷத்துக்கு 10,000 டாலரைத் தாண்டிட்ட ஊர்ல இது சின்ன விஷயம் இல்ல. வெறும் அஞ்சு ஏக்கர் பிளாட்டா இருந்தா வீட்டு மனை கழிஞ்சு மிச்சம் பத்தாம போயிடும், ஆறுக்கு மேல பாருங்க. வீட்டுக்கு மட்டும் வழக்கமான வரிதான், அதுல சலுகை கிடையாது.

அங்க உங்க முதல் எதிரி மனுஷன் இல்ல, மான். எட்டடி வேலி இல்லாம நீங்க போடறது எல்லாம் அதுக்குத்தான். ரெண்டாவது உண்ணி, அது கடிச்சு வர்ற லைம் நோய் அந்தப் பக்கம் ரொம்ப சகஜம், ஆசிய நீளக்கொம்பு உண்ணியை அமெரிக்காவுலயே முதல் தடவையா 2017ல கண்டுபிடிச்சதும் ஹண்டர்டன்ல ஒரு செம்மறி ஆட்டு மேலதான். தோட்டத்துக்குள்ள போய்ட்டு வந்தா முழங்கால் மடிப்பு, தலைமுடி எல்லாம் தடவிப் பாக்கற பழக்கம் வேணும்.

போகோனோஸ் நிலத்தைப் பத்தி ரொம்ப எழுத எதுவும் இல்ல. யாரும் இல்லாத நிலத்துல தோட்டம் வளராது, கோழி வளராது, பூட்டி வச்ச ஷெட்ல சாமான் இருக்குமாங்கறதும் சந்தேகம். ஓடணும்ங்கற அன்னிக்கு ஐ 80-ல டெலவேர் வாட்டர் கேப் இடுக்குல உங்களோட சேர்ந்து பாதி ஜெர்சி நிக்கும். லீவுக்குப் போக கேபின் வேணும்னா வாங்குங்க, அதுக்குத் தயாரிப்புன்னு பேர் வைக்காதீங்க.

அதனால என் கணக்கு இப்படி. விசா இன்னும் வேலையோட கட்டிப் போட்டிருக்கு, பசங்க ஸ்கூல்ல இருக்காங்க, ரெண்டு பேரும் ஆபீஸ் போறீங்கன்னா மிடில்செக்ஸ்லயே இருங்க, வெள்ள வரைபடத்துக்கு வெளிய, முடிஞ்சா தெற்குப் பக்கம் ஒரு தனி வீடு. ரெண்டு வாரத்துக்குத் தண்ணி, ஆளுக்கு ஒரு நாளைக்கு ஒரு கேலன்னு நாலு பேருக்கு 56 கேலன், அதோட வாட்டர் ஹீட்டர் டேங்க்ல இருக்கற 40, 50 கேலனும் அவசரத்துக்கு எடுக்கலாம். ஆறு மாசச் செலவுக்குப் பணம், மூணு மூட்டை அரிசி, சம்ப் பம்ப் பேட்டரி. கிரீன் கார்டு கைல வந்தாச்சு, ஒருத்தராவது வீட்டுல இருந்து வேலை பாக்கறீங்க, விடிகாலைல எந்திரிச்சு கொட்டகை கழுவறதுக்கு உடம்பும் மனசும் இருக்குன்னா ஹண்டர்டன் பாருங்க. அப்படிப் பாக்கும்போது ஓப்பன் ஹவுஸ்ல கிச்சன் கவுன்ட்டர் டாப்பைத் தடவிட்டு வராம கிணறு எத்தனை அடி, நிமிஷத்துக்கு எத்தனை கேலன் தருது, ஆர்சனிக் ரிப்போர்ட் எங்க, செப்டிக் கடைசியா எப்ப எடுத்தாங்க, ஜெனரேட்டர் மாட்டறதுக்கு டிரான்ஸ்ஃபர் ஸ்விட்ச் இருக்கா, இதெல்லாம் கேளுங்க. பிப்ரவரில ஒரு தடவை, பனி கொட்டின மறுநாள் போய் அந்த ரோடு எப்ப கிளியர் ஆகுதுன்னும் பாத்துட்டு அப்புறம் ஆஃபர் போடுங்க.